முதலாவது காரணம்

என் பெயரில் ஒரு புலம்பல் எழுதி அனுப்பியிருந்தார்கள். மேலே தடித்த எழுத்தில் ‘மனைவி புலம்பல்’ என்று தலைப்பு. அதன்படி நான் ஒரு கொடி, அவர் கொழுகொம்பு. கொம்பு சாய்ந்துவிட்டதால் இனி எதைப் பற்றிப் படர்வேன் என்று நான் கதறுகிறேனாம். முப்பது வருடத்துக்கு மேல் ஒஸ்லோவில் பல் வைத்தியருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் நான். பனியில் சறுக்கி விழுந்து வலக்கை முறிந்தபோது இடக்கையால் சமைத்தவள். கைத்தொலைபேசியில் அந்த வரிகளை வாசித்ததும், தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள் என்று உடனே பதில் போட்டேன்.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சைவ ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, சாப்பாடும் முடிந்தபிறகு, வந்தவர்களுக்குக் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் கொடுப்பது வழக்கம். முன்னட்டையில் படம். உள்ளே வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, சில பதிகங்கள், மனைவி, மக்கள், மருமக்கள் பெயரில் புலம்பல்கள். பக்கம் மிஞ்சினால் நீரிழிவுக்குக் கைவைத்தியம்கூடப் போடுவார்கள். வாங்குகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், வம்சாவளியில் தங்கள் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், பிறகு கைப்பைக்குள் வைப்பார்கள். வீட்டுக்குப் போனால் அது சாமித் தட்டிலோ மேசை லாச்சிக்குள்ளோ கிடக்கும். எறிய ஒருவருக்கும் மனம் வராது.

என் கணவர் போன மாசியில் இறந்தார். இதயம் நின்றுவிட்டது என்று சொன்னார்கள். அவருடைய கல்வெட்டிலிருந்து என் புலம்பலை எடுத்தது பெரிய காரியமாக இருக்கவில்லை. பிரச்சினை அதற்கு அடுத்த பக்கங்களில் இருந்தது.

ஊரில் இருந்தபோது அவர் ரியூட்டரி ஒன்றில் வரலாறு படிப்பித்தவர். பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளைகள் போய்ப் படிக்கிற தனியார் வகுப்பைத்தான் ரியூட்டரி என்போம். கிடுகுக் கொட்டில், மணல் தரை, பிள்ளைகள் இருந்து எழுதச் சாய்வில்லாத வாங்குகள். உயர்தரப் பரீட்சை எடுக்கிற பிள்ளைகளுக்கும் அவருக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். அவருடைய பேர்போன பாடம் ஐரோப்பிய மறுமலர்ச்சி. அதை அவர் எடுக்கிற நாளில் கணக்குப் பாடத்துப் பிள்ளைகளும் வந்து வேலிக்கரையில் நின்று கேட்பார்களாம். நான் அதைக் கண்டதில்லை. அவரைக் கல்யாணம் கட்ட நான் ஒஸ்லோவில் வந்து இறங்கியபோது அவர் மருத்துவமனைத் துணிகள் வெளுக்கும் தொழிற்சாலையில் நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் நின்றார்.

எனக்கு அந்த மறுமலர்ச்சியில் பெரிய பற்று ஒன்றும் இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால், அது எங்கள் வீட்டில் ஒரு சக்களத்தி மாதிரி இருந்தது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், எந்தப் பிறந்தநாளுக்குப் போனாலும், நரைத்த தலையோடு யாராவது வந்து அவருக்கு முன்னால் நின்று, “சேர், மறுமலர்ச்சிக்கான காரணங்கள் ஏழு” என்று தொடங்குவார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொள்வார்கள். நான் சாப்பாட்டுத் தட்டோடு தனியே போய் இருப்பேன். தொடக்கத்தில் அவரும் சேர்ந்து சிரிப்பார். பிற்காலத்தில் சிரிப்பது நின்று, “உங்கட மகள் இப்ப என்ன படிக்கிறா?” என்று பேச்சை மாற்றத் தொடங்கினார். வயது போகப் போக அடக்கம் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

செத்தவீட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய மாணவர்கள் நான்கு பேர் அம்மருட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் குரோருட்டில் இருக்கிறவர், வீதிக்குக் கீழே தண்ணீர்க் குழாய் போடும் வேலையைப் பார்க்கிற பொறியியலாளர். என் வயதுதான். ஆனாலும் சேரின் மனைவி என்பதால் என்னை அக்கா என்பார். கல்வெட்டு வேலையைத் தானே பார்ப்பதாகச் சொன்னார். கைவைத்தியம் ஒன்றும் வேண்டாம், சேரின் பாடத்தையே போடுவோம் என்றார். பாடத்தின் நகல் யாரிடம் இருக்கிறது என்று ஒருவர் கேட்க, நகல் எதற்கு என்று மற்றவர் கேட்டார். தேநீர்க் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு நான்கு பேரும் சொல்லத் தொடங்கினார்கள்.

“முதலாவது காரணம், கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரின் வீழ்ச்சி. துருக்கியர் நகரைக் கைப்பற்றியதும் கிரேக்க அறிஞர்கள் தங்கள் ஏடுகளைச் சுமந்துகொண்டு இத்தாலிக்கு ஓடினர். அவர்கள் சென்ற இடத்தில் அறிவு மலர்ந்தது.”

ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் நான்கு பேர், ஒரு சொல்லும் பிசகாமல், வாங்கில் இருந்த அதே வரிசையில்தான் இப்போதும் இருக்கிறார்கள் என்பதுபோல, கடைசிக் காரணம்வரை சொல்லி முடித்தார்கள். ஒருவருக்குக் கண்ணீர் வந்தது. என் மகள் கதவடியில் நின்று என்னைப் பார்த்தாள். அவளுக்கும் எனக்கும் தெரிந்த ஒன்று அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

அந்தப் பாடத்தில் அவர்களுக்கு ஏன் அவ்வளவு பற்று என்பதைச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் கொன்ஸ்தாந்திநோப்பிள் மூன்றாவது காரணம். அதை முதலாவதாக்கியவர் அவர். யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. ஊர் எந்த நேரமும் விழலாம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஒரு இளம் வாத்தியார் கொட்டிலுக்குள் நின்று, ஒரு நகரம் விழுந்தது, படித்தவர்கள் புத்தகங்களோடு ஓடினார்கள், போன இடத்தில் உலகமே விடிந்தது என்று சொன்னால் பிள்ளைகள் எப்படிக் கேட்டிருப்பார்கள்? அந்த வகுப்பில் ஒருவரும் மறுமலர்ச்சி ஓவியம் ஒன்றைக்கூடக் கண்டதில்லை, படிப்பித்தவர் உட்பட. புத்தகத்தில் இருந்த ஒரேயொரு படமும் மை ஊறி, மனிதரா மரமா என்று தெரியாமல் இருந்ததாம். ஓவியங்களின் பெயர்களைப் பாடமாக்கினார்கள், ஓவியர்களின் பிறந்த ஆண்டைப் பாடமாக்கினார்கள். மனதில் நின்றது மட்டும் ஓடியவர்களின் கதை. பிறகு அவர்களும் ஓடினார்கள். குரோருட் பொறியியலாளர் ஒஸ்லோ விமான நிலையத்தில் இறங்கியபோது அவருடைய பையில் இரண்டு சட்டையும் வரலாற்றுக் குறிப்புகளும்தான் இருந்தன. பொலிஸ்காரர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்த கதையை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

பாடம் பிழையென்று தெரிந்தது எங்கள் சாப்பாட்டு மேசையில். மகளுக்குப் பதின்மூன்று பதினான்கு வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் மறுமலர்ச்சி பற்றி எழுதிவரச் சொன்னார்கள். அவருக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம்! நொர்வேஜிய மொழியில் பிள்ளைக்கு உதவ முடியாத தகப்பன் என்று அவருக்குள் ஒரு குறை இருந்தது. அன்றைக்கு மகளை இருத்தி, ஏழு காரணங்களையும் தமிழில் சொல்லச் சொல்ல அவள் மொழிபெயர்த்து எழுதினாள். ஒரு கிழமை கழித்து அது திரும்பி வந்தபோது முதலாவது காரணத்துக்குப் பக்கத்தில் ஆசிரியை பென்சிலால் எழுதியிருந்தார். இது அவ்வளவு சரியில்லை, இத்தாலியில் இது அதற்கு மிக முன்பே தொடங்கிவிட்டது என்று. “அப்பா, நீங்கள் சொன்னது பிழையாம்,” என்று மகள் தாளை மேசையில் வைத்தாள். அவளுக்குப் புள்ளி குறைந்த கோபம்.

அவர் குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனார். ஆசிரியைக்குப் பிழை என்று காட்டத்தான் போனார், எனக்கு அவரைத் தெரியாதா. கதவு அடிக்கப்பட்ட விதத்திலேயே தெரிந்தது. திரும்பி வந்தபோது நான்கு புத்தகங்கள் கையில் இருந்தன, முகத்தில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவரை வீட்டில் காண்பது அரிது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நொர்வேஜியப் புத்தகங்களை வரிவரியாகப் படித்தார். அந்த ஓவியங்களை முதல்முதல் நிறத்தில் கண்டது அப்போதுதான். எனக்கும் கொண்டுவந்து காட்டினார். ஒரு தாயும் குழந்தையும், பின்னால் நீல மலை. வடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் கறிக்கு வெங்காயம் வெட்டினேன். நகரம் விழுவதற்கு நீண்டகாலம் முன்பே இத்தாலிக்காரர் தங்கள் மடங்களில் தூசி தட்டிப் பழைய ஏடுகளைத் தேடிக்கொண்டிருந்தார்களாம். கிரேக்கம் படிப்பிக்க ஆளை அழைத்து வைத்திருந்தார்களாம். தாங்களே கப்பலேறிப் போய் ஏடுகளை வாங்கி வந்தார்களாம். ஓடிவந்தவர்கள் வந்து சேர்ந்தபோது வேலை பாதி நடந்துவிட்டிருந்தது. இவற்றையெல்லாம் வைத்துப் பாடத்தைப் புதிதாக எழுதினார். எழுதிக் கிழித்து, கிழித்து எழுதி, கடைசியில் சில தாள்களில் நிறுத்தினார். முடிவில் இப்படி இருந்தது:

“நகரம் வீழ்வதற்கு முன்பே பல ஏடுகள் இத்தாலிக்கு வந்து படியெடுக்கப்பட்டிருந்தன. ஓடிவந்தவர்கள் சுமந்து வந்தவை வராமற் போயிருந்தாலும் மறுமலர்ச்சி வந்திருக்கும். இதை முன்பு நான் பிழையாகப் படிப்பித்தேன்.”

இதைப் பழைய மாணவர்களுக்கு அனுப்பிவிடுங்கள் என்று நான் சொன்னேன். அனுப்புவோம் என்றார். ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அனுப்புவோம், அனுப்புவோம் என்றுதான் பதில்.

அவர் ஓய்வு பெற்றபோது மகள் இத்தாலிக்குப் போய்வர அழைத்தாள். அங்கிருக்கிற நகரங்களை, அந்த ஓவியங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம், செலவு தன்னுடையது என்றாள். வேண்டாம் என்றுவிட்டார். எனக்குக் கோபம். கண் வைத்தியரிடம் காட்டிவிட்டு நகரத்திலிருந்து சுரங்க ரயிலில் இருவரும் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, பிள்ளை ஆசையாகக் கேட்டதை இப்படி முகத்தில் அடித்ததுபோல மறுப்பதா என்று சண்டை பிடித்தேன். முப்பது வருடம் அந்த மறுமலர்ச்சியோடு குடித்தனம் நடத்திவிட்டு, இப்போது அதன் வாசலுக்குப் போகமாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். நாங்கள் இறங்க வேண்டிய அம்மருட் வந்தது. அவர் எழும்பவில்லை. என்னையும் கையைப் பிடித்து இருத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

ஊர் முழுக்க இடம்பெயர்ந்த ஒரு ஐப்பசி மாதம். பீரங்கிச் செல் விழுந்துகொண்டிருந்தது. அவரும் அவருடைய மாணவர்கள் சிலரும் தங்கள் குடும்பங்களோடு கோயில் மடம் ஒன்றில் தங்கியிருந்தார்கள். அடுத்த நாள் இன்னும் தூரம் நடப்பதாக முடிவு. செல்லடி சற்று ஓய்ந்த நேரத்தில் ஒரு மாணவன் வீட்டுக்கு ஓடிப்போய் வருவதாக எழும்பினான். பகிடி விடுகிற பிள்ளை, வகுப்பில் முதல் வாங்கில் இருக்கிறவன்.

“படலையைத் திறந்துபோட்டு அதிலை நிண்டு, ‘கொன்ஸ்தாந்திநோப்பிள் விழுந்திட்டுது, நான் போய் ஏடுகளைக் கொண்டு வாறன்’ எண்டான். எல்லாரும் சிரிச்சவை,” என்றார். பிறகு, “நானும் சிரிச்சனான்,” என்றார்.

அவன் திரும்பி வரவில்லை. அடுத்த நாள் காலை ஒழுங்கையில் கிடந்தான். புத்தகப் பை தோளில் இருந்தது. அப்போதே அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் ஏதோ ஒரு பெரிய உண்மைக்காகப் போனான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாராம். பாடமே பிழை என்று நூலகத்தில் வாசித்த அன்று அந்தத் தேறுதலும் போய்விட்டது.

ரயில் வெஸ்ட்லிவரை போய் நின்றது, அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். சாரதி எங்களைக் கடந்து மற்ற நுனிக்கு நடந்து போனார்.

“மற்றப் பிள்ளையளுக்குத் திருத்திச் சொல்லலாம். அவனுக்கு என்னெண்டு சொல்லுறது?” என்று என்னைக் கேட்டார்.

அந்தப் பிள்ளையின் தமக்கை ஒஸ்லோவின் தெற்குப் பக்கம், ஹொல்ம்லியாவில் இருக்கிறா. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவ, கொண்டாட்டங்களில் கண்டால் இரண்டு வார்த்தை பேசுவோம். அவ மண்டபத்துக்குள் வந்தால் இவர் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவார். புகைக்கத்தான் போகிறார் என்று நினைத்து நான் திட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் காரணம் விளங்கியது. போய் அந்த அக்காவிடம் சொல்லிவிடுங்கள், மனம் ஆறும் என்றேன். அவவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றார். பிறகு, சொல்லுவன் என்றார். அந்தச் சொல்லுவனும் பழைய அனுப்புவோமும் ஒரே பெட்டிக்குள் கிடந்தன. இத்தாலிப் பேச்சை நான் பிறகு எடுக்கவில்லை.

இப்போது விளங்கும், கல்வெட்டின் முழுப்பிரதி கைத்தொலைபேசிக்கு வந்தபோது நான் ஏன் அதை அப்படியே விடவில்லை என்று. புலம்பலை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்திலிருந்து நான்கு பக்கங்களுக்குப் பாடம், பழைய பாடம், முதலாவது காரணம் முதலாவதாகவே. வாழ்நாளில் அவர் மிக வெட்கப்பட்ட வரிகளை, அவர் முகத்தைப் போட்டு, ஒரு வீட்டிலும் எறிய மாட்டாத புத்தகத்தில் அச்சடிக்கப் போகிறார்கள். அவருக்கு இனிமேல் வாய் இல்லை. எனக்கு இருந்தது.

பொறியியலாளரைக் கூப்பிட்டேன். வந்தார். தாள்களை எடுத்து முன்னால் வைத்து, சேர் பாடத்தைத் திருத்தி எழுதிவிட்டார், இதைத்தான் போட வேண்டும் என்றேன். வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் தாள்களை ஒழுங்காக அடுக்கி என் பக்கமாகத் தள்ளினார். சேர் பிழை விடமாட்டார் என்றார். சேரே பிழை என்று எழுதியிருக்கிறாரே என்றேன். அது வயது போன காலத்தில் வந்த மனத்தளர்வு என்றார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. மனத்தளர்வு வந்த மனிதன் அகராதி வைத்துப் படிப்பானா என்று கேட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அக்கா, அந்த ஒரு பந்தியை நம்பித்தான் நான் பிளேன் ஏறினனான். ஓடுறது கேவலமில்லை, ஓடினவையாலைதான் உலகம் வெளிச்சது எண்டு. இஞ்சை வந்து கோப்பை கழுவேக்கை, பனியிலை பேப்பர் போடேக்கை, அதைத்தான் மனசுக்கை சொன்னனான். இப்ப அதைப் பிழை எண்டு அச்சடிச்சுக் குடுத்தா எங்களிட்டை என்ன மிச்சம்?”

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவர் கேட்டது நியாயமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் என்னுடைய மனிதனையும் நான் பார்க்க வேண்டும். அதனால் வெஸ்ட்லி ரயிலில் கேட்டதைச் சொன்னேன். கோயில் மடம், படலை, அந்தப் பகிடி.

அந்தப் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர் இவர். மடத்திலும் இருந்தவர். அது எனக்கு அதுவரை தெரியாது. சேர் இதைச் சுமந்துகொண்டிருந்தது இவருக்குத் தெரியாது. தள்ளி வைத்த தாள்களைத் திரும்பத் தன் பக்கமாக இழுத்தார்.

“நானும் சிரிச்சனான் அக்கா,” என்றார்.

தாள்களை எடுத்துக்கொண்டு போய், முழுவதையும் தன் கையாலேயே தட்டச்சுச் செய்து, இரண்டு நாளில் புதிய பிரதியை அனுப்பினார். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

அந்தியேட்டி எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள மண்டபத்தில் நடந்தது. ஐயர் காலையிலேயே கிரியைகளை முடித்துவிட்டார். மத்தியானம் வடை பாயாசத்தோடு மரக்கறிச் சாப்பாடு. சாப்பாடு முடிந்து கல்வெட்டுகளைக் கொடுக்கும்போது பொறியியலாளர் எழும்பி, கல்வெட்டில் இருக்கிற பாடம் நாங்கள் பாடமாக்கிய பாடம் இல்லை, சேர் தானே திருத்தியது, ஆகவே பொறுமையாக வாசியுங்கள் என்று மட்டும் சொன்னார். பின்வரிசையில் முணுமுணுப்பு எழும்பியது. என்ன இருந்தாலும் செத்தவீட்டுப் புத்தகத்தில் பிழை விட்டேன் என்று போடலாமா என்று ஒருவர் என் காது கேட்கவே கேட்டார். போடலாம் என்று நானும் அவர் காது கேட்கவே சொன்னேன். அவ்வளவுதான் எதிர்ப்பு. மற்றவர்கள் வழக்கம்போலப் படத்தையும் வம்சாவளியையும் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்தார்கள். எனக்கு ஒரு நிம்மதி. அவர் கடனாக நினைத்ததை நான் தீர்த்துவிட்டேன் என்று பாயாசம் குடித்தேன்.

ஹொல்ம்லியா அக்கா வந்திருந்தா. நகரத்துக்குப் போய் ரயில் மாற வேண்டும் என்று நேரத்தோடு எழும்பினா. குளிர் அங்கிகள் தொங்குகிற இடத்தில் என்னைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கல்வெட்டு தர முடியுமா என்று கேட்டா.

“தம்பியும் மாஸ்டரிட்டைப் படிச்சவன். அவன்ரை படத்துக்கு முன்னாலை ஒண்டு வைப்பமெண்டு.”

நான் எடுத்துவந்து கொடுத்தேன். கொடுத்தபோது வாய் சும்மா இருக்கவில்லை. இத்தனை வருடம் அவர் சொல்லாததை நானாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மூடி வைக்காமல், பாடம் முடிகிற பக்கத்தைத் திறந்து வையுங்கள் அக்கா, அது தம்பிக்காக எழுதியது என்றேன். அவ அங்கியை அரைவாசி போட்டபடியே கண்ணாடியை எடுத்து மாட்டி, அந்த இடத்திலேயே நின்று வாசித்தா. கடைசிப் பந்தியை இரண்டு தரம் வாசித்திருப்பா, விரல் வரிக்குக் கீழே இரண்டு தரம் போனது.

“அப்ப, அந்தப் புத்தகங்கள் தேவைப்பட்டிருக்காதோ?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இந்த வரி அவருக்கு ஒரு திருத்தம், எனக்கு ஒரு கடமை. இதை வாசிக்கப்போகிற இந்தப் பெண்ணுக்கு இது என்ன என்று நாங்கள் இருவருமே யோசித்ததில்லை. தம்பி எதற்காகச் செத்தானோ அது வேண்டியிருக்கவில்லை என்று அச்சடித்து, அவவின் கையிலேயே இரண்டாகக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இனிப் பொய் சொல்ல வழியில்லை.

“இல்லை அக்கா. தேவைப்பட்டிருக்காது,” என்றேன். பிறகு படலையடியில் நடந்ததையும், எல்லோரும் சிரித்ததையும், அவரும் சிரித்ததையும், அவவைக் காண முடியாமல் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றதையும் சொன்னேன். கோர்வையாகச் சொல்லவில்லை. ஆட்கள் அங்கி எடுக்க வந்து வந்து போனார்கள்.

அவ எல்லாவற்றையும் கேட்டா. அழவில்லை. பகிடி விட்டுவிட்டுத்தான் போனானா என்று ஒரு தரம் கேட்டா. ஓம் என்றேன். அவன் பயந்து பயந்து போயிருப்பான் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தாவாம். இரண்டு கல்வெட்டையும் பைக்குள் வைத்து, அங்கியின் மற்றக் கையையும் போட்டு, பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் பூட்டினா.

“மாஸ்டர் வந்து சொல்லியிருக்கலாம். நான் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுத்திருப்பன்.”

அதைச் சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனா. அவர் இறந்த நாளிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு துளி கோபமும் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. அம்மருட்டிலிருந்து ஹொல்ம்லியாவுக்கு ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது.